கிராணியின் பேனாவும் தொழிலாளியின் உரிமையும்

உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சட்டப் புத்தகம் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அலமாரியின் சாவி கிராணியின் கையில் இருக்கிறது. நமது தோட்டங்களின் நூறாண்டுச் சரித்திரம் இவ்வளவுதான் என்று யாரேனும் சொல்வாரானால், அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. ஏனெனில், நானும் ஒரு கிராணியே. ஜொகூரில் செனாய்ப் பட்டணத்துக்கு அடுத்த ஒரு தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைப்பவன். ஆங்கிலவழிக் கல்வி பெற்றதனால் இவ்வுத்தியோகம் கிடைத்தது. அக்கல்வி யாருக்குப் பயன்பட்டது என்னும் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்து வந்தேன். அத்தோட்டத்தின் ஒரு பகுதி, வீடுகள் கட்டுவதற்காக விற்கப்பட்டது. வேலையிழக்கும் தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தில் கையொப்பம் வாங்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. கையொப்பமிட்டவருக்கு 3,000 வெள்ளி அன்பளிப்பு. பத்தொன்பது பேர் கையொப்பமிட்டார்கள். இருபதாவதாக வந்த அம்மையார் இருபத்திரண்டு வருஷம் வெளிக்காட்டு வேலையும் உதிரிப் பழம் பொறுக்கும் வேலையும் செய்தவர். என் தாயாரின் வயதுடையவர். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டே, "ஐயா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

பத்தொன்பது பேரிடம் நீட்டிய அக்காகிதத்தை நான் முழுதும் படித்தது அப்போதுதான். "நான் என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், இனி யாதொரு பாத்தியதையும் கோரமாட்டேன்" என்பது அதன் சாரம்.

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. வேலையாள் தம் குற்றமின்றி வேலை இழந்தால், 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்தச் சகாய விதிகளின்படி, ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு வருஷம் ஒன்றுக்கு 20 நாட் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். இரண்டு வருஷம் முதல் ஐந்து வருஷத்துக்குள் உழைத்தவருக்கு 15 நாள். ஒரு வருஷம் பூர்த்தியாகி இரண்டு வருஷத்துக்குக் குறைந்தவருக்கு 10 நாள். அவ்வம்மையாருக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு 440 நாட் சம்பளம் சேர வேண்டும். அன்றைய குறைந்தபட்சக் கூலியான மாதம் 1,500 வெள்ளியைக் கொண்டு கணக்கிட்டாலும் அது இருபதினாயிரம் வெள்ளிக்கு மேற்படும். தாமாக விலகியவருக்கோ இச்சகாயத்தில் ஒரு காசும் இல்லை. "சொந்த விருப்பத்தின்பேரில்" என்னும் சொற்களின் விலை அதுதான்.

பிறகு நடந்ததைக் கட்டுரையின் முடிவில் சொல்வேன். அதற்கு முன், ஒரு காகிதத்துக்கு இவ்வளவு வல்லமை எப்படி வந்தது, அதை எதிர்த்து நிற்கும் சட்டம் யாரால் எப்படிக் கிடைத்தது என்பதை நாம் அறிய வேண்டும். நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு வந்ததே ஒரு காகிதத்தின் மீதுதான் அன்றோ?

அக்காலத்தில் ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர், நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கைநாட்டு வைத்துப் புறப்பட்டார். வழிச்செலவும் முன்பணமும் அவர்மேல் கடனாக ஏறின. தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு நீங்கினால் அவர் கடனாளி மட்டுமல்லர், குற்றவாளி. போலீஸ் பிடிக்கும், மாஜிஸ்திரேட் தண்டிப்பார், சிறையிலிருந்து வந்தபின் மறுபடியும் அதே தோட்டத்தில் உழைக்க வேண்டும். முதலாளி கூலி கொடாவிட்டால் அது வழக்கு. கூலி வேலைக்கு வாராவிட்டால் அது குற்றம். ஒரே ஒப்பந்தத்தில் இருவர் கைச்சாத்திட்டிருக்க, ஒருவருக்கு மட்டும் சிறை என்பது எந்த நியாயம் என்று அக்காலத்துச் சட்டம் கேட்கவில்லை.

தாய்நாட்டிலும் நிலைமை இதுவே. 1859ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறைவேறிய 13ஆவது சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலை செய்யாத தொழிலாளியைச் சிறையிலிட இடங்கொடுத்தது. 1925ஆம் ஆண்டில்தான் அதை நீக்கச் சட்டம் பிறந்தது. அறுபது வருஷத்துக்கு மேலாக, முன்பணம் என்பது காலில் பூட்டிய விலங்காகவே இருந்தது.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை ஓங்கியது. தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன கங்காணி, தன் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தான். அழைத்து வந்த ஆட்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் பணம் செலுத்த, அந்நிதியிலிருந்து தொழிலாளரின் வழிச்செலவு கொடுக்கப்பட்டது. இதனால் பிரயாணக் கடன் குறைந்தது உண்மை. ஆயினும் காகிதத்தின் இடத்தில் கங்காணி வந்து அமர்ந்தான். பயம் மட்டும் இடம் மாறவில்லை.

தோட்டத்தை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிய தண்டனை விதிகள், ஐக்கிய மலாய் நாடுகளில் 1921ஆம் ஆண்டில் நீக்கப்பட்டன. அதற்கு அடுத்த ஆண்டு, 1922இல், இந்தியாவில் புதிய குடியேற்றச் சட்டம் பிறந்தது. 1923ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் தொழிற்சட்டக் கோவை வந்தது. ஜொகூருக்கும் அவ்வகையில் தனிக் கோவை ஒன்று இருந்தது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம் என்னும் உரிமை அக்காலத்தில்தான் தொழிலாளிக்கு உறுதியாயிற்று. பள்ளி வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்னும் விதியும் அக்கோவையில் இருந்தது. நம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பல, முதலாளியின் தர்ம சிந்தனையால் பிறந்தவை என்று சிலர் எண்ணுகிறார்கள். அவற்றுக்குப் பின்னே சட்டம் நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

நிற்க. சட்டம் வந்ததனால் கூலி உயர்ந்ததா? 1920ஆம் ஆண்டுகளின் முடிவில், முக்கியமான சில வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நியமக் கூலி குறிக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்ததும் கூலியும் விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். மரம் அதேதான், வெட்டும் கையும் அதேதான். லண்டன் சந்தையில் விலை இறங்கினால் லயத்தில் அடுப்பு அணைந்தது. 1936ஆம் ஆண்டின் முடிவில் இந்திய சர்க்காரின் சார்பில் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் வந்து நிலைமையைப் பார்வையிட்டு, மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டார். 1938ஆம் ஆண்டில் கூலியை மீண்டும் குறைக்க முதலாளிமார் முற்பட்டபோது, இந்திய சர்க்கார் உதவிப் பிரயாணத்தில் தொழிலாளர் இங்கு வருவதை அவ்வாண்டு ஜூன் மாதம் தடுத்து நிறுத்தியது.

இத்தனை பேச்சுவார்த்தையிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பேசியவர்கள் சர்க்கார் பிரதிநிதிகள், முதலாளிகள், கனவான்கள். யாருடைய கூலியைப் பற்றிப் பேசினார்களோ, அவரை யாரும் மேஜைக்கு அழைக்கவில்லை. தமக்கென்று ஒரு சங்கம் இல்லாதவர் தமக்காகப் பேச இயலாது. தாய்நாட்டிலோ 1918ஆம் ஆண்டிலேயே சென்னைத் தொழிற் சங்கம் தோன்றிவிட்டது. அதன் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை முதலாளிகள் ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று தடையுத்தரவு பெற்றார்கள். அவ்வழக்கு கொடுத்த அதிர்ச்சியும் 1926ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணம். மலாயாவில் அத்தகைய சட்டம் 1940ஆம் ஆண்டில்தான் வந்தது.

அதன் மறு ஆண்டே கிள்ளானில் தீப்பற்றியது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும்; நல்ல பள்ளியும் வைத்தியமும் வேண்டும்; கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும்; பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ, ஆபீஸ் உத்தியோகஸ்தரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள்.

இதைப் படித்த நாளில் நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். துரைக்கு இறங்கினார்கள் என்பதை முன்பே கேட்டிருக்கிறேன். கிராணிக்கும் இறங்க வேண்டியிருந்தது! அவனும் அதே கப்பலில் வந்தவன். அதே மொழி பேசினவன். நான்கு ஆங்கில வார்த்தை அறிந்ததனால் அவன் எதிரே சைக்கிள் ஓட்டுவது அவமரியாதையாயிற்று. ஜாதியை ஊரிலே விட்டு வந்தோம் என்று பெருமை பேசும் நாம், ஆபீஸ் மேஜையின் இரு புறத்திலும் புதிய ஜாதி ஒன்றை உண்டாக்கினோம் என்றால் அது பொய்யாகுமா?

ஆனால் அதே சரித்திரத்தில் எனக்கு ஆறுதலும் கிடைத்தது. அத்தொழிலாளரை ஒன்று சேர்த்தவர்களில் முன்னின்ற ஆர்.எச். நாதன் படித்தவர், பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். 1936ஆம் ஆண்டில் தோன்றிய மலாயா மத்திய இந்தியர் சங்கத்தை நடத்தியவர்களில் வழக்கறிஞர் என். ராகவன் போன்றோர் ஆங்கிலக் கல்வியில் சிறந்தவர்கள். எந்த ஆங்கிலம் ஒருவனைச் சைக்கிளிலிருந்து இறக்கியதோ, அதே ஆங்கிலத்தால் இவர்கள் மனு எழுதினார்கள். 1941ஆம் ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரி வேலைநிறுத்தம் பரவவே, ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். கூலியில் சில காசு கேட்டதற்கும், சைக்கிளில் அமர்ந்தே போக விரும்பியதற்கும் இந்நாட்டில் கொடுக்கப்பட்ட விலை இது.

யுத்தம் முடிந்தபின் சங்கங்கள் பெருகின. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக எஸ்.ஏ. கணபதி விளங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலம் பிறந்தது. அம்மாதமே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, பல தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனமாக இணைவது தடுக்கப்பட்டது. சங்க அதிகாரிகள் அத்தொழிலில் மூன்று வருஷ அனுபவம் உடையவராயிருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு மே மாதம் 3ந்தேதி பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கணபதி தூக்கிலிடப்பட்டார். அவர்களுடைய அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உண்டு. ஆயினும் தொழிலாளி ஒருவன் தன் கூலியைப் பற்றிப் பேசுவது எளிய காரியமாக இருந்ததில்லை என்பதற்கு அந்த இரண்டு நாட்களும் சாட்சி.

பின்னர் வேறு வழியில் வேலை தொடர்ந்தது. சிதறிக் கிடந்த தோட்டச் சங்கங்கள் பல 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன, பி.பி. நாராயணன் அதை நெடுங்காலம் நடத்தினார். 1951ஆம் ஆண்டில் ஊழியர் சேமநிதி வந்தது. 1955ஆம் ஆண்டில் தொழில் சட்டம் நிறைவேறி, 1957ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ந்தேதி அமலுக்கு வந்தது. சுதந்திரக் கொடி ஏறுவதற்கு மூன்று மாதத்துக்கு முன்! கப்பலில் வந்த பாட்டனின் ஒப்பந்தக் காகிதத்தை ஒரு கையிலும், இச்சட்டத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு படித்தால், பின்னது முன்னதற்கு வரிக்கு வரி எழுதிய மறுப்பாகவே எனக்குத் தோன்றுகிறது.

பாட்டனை முன்பணம் கட்டியது. ஒரு மாதத்தில் கொடுக்கும் முன்பணம், முந்திய மாதச் சம்பளத்துக்கு மேற்படலாகாது என்று சட்டம் பொதுவாக விதிக்கிறது. வீடு வாங்குவது போன்ற சில காரியங்களுக்கே விலக்கு உண்டு. பாட்டனின் கூலி பிடித்தத்தில் கரைந்தது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு பிடிக்கலாகாது. பிடித்தம் மொத்தத்தில் சம்பளத்தின் பாதிக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. பாட்டனின் கூலி கள்ளுக்கடையிலும் சாமான் கடையிலும் நின்றது. மதுக்கடையிலோ, சில்லறைக் கடையிலோ, வேடிக்கை விடுதியிலோ சம்பளம் பட்டுவாடா செய்யலாகாது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடவும் கூடாது. பாட்டனுக்குக் கணக்குத் தீர்க்கும் நாள் துரையின் மனம்போல. இன்று சம்பளக் காலம் ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. அது முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்தாக வேண்டும். இவற்றை எல்லாம்விட உயர்ந்த விதி ஒன்று உண்டு. சட்டம் கொடுத்ததைவிடக் குறைவான நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி, தொழிலாளி அதில் கையொப்பமிட்டே இருந்தாலும், அந்நிபந்தனை செல்லாது. சட்டத்தின் நிபந்தனையே நிற்கும். கைநாட்டினால் அடிமையான பாட்டனுக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன வேண்டும்?

1955ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 2022ஆம் ஆண்டில் நிறைவேறிய பெரிய திருத்தம், 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் அமலில் உள்ளது. முன்பெல்லாம் குறைந்த சம்பளக்காரருக்கும் உடலுழைப்பாளருக்குமே உரியதாயிருந்த சட்டம், இப்போது சம்பள அளவு பாராமல் எல்லா வேலையாட்களையும் தழுவுகிறது. எனினும், மிகைநேரக் கூலி, பணிநிறுத்தச் சகாயம் முதலிய சில உரிமைகள், மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குவோருக்கு, அவர் உடலுழைப்பாளர் முதலிய பிரிவினராயிருந்தாலன்றி, இச்சட்டப்படி இல்லை. வாரத்துக்கு 48 மணியாயிருந்த வேலைநேரம் 45 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் செய்யும் வேலைக்கு மணிக்கு ஒன்றரைப் பங்கு கூலி. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டு முதல் மாதம் 1,700 வெள்ளி.

வேலையை விட்டு நீக்குவதற்கும் முறை உண்டு. ஒப்பந்தத்தில் வேறு குறிப்பு இல்லாவிட்டால், இரண்டு வருஷத்துக்குக் குறைவாக உழைத்தவருக்கு 4 வாரமும், ஐந்து வருஷத்துக்குக் குறைவாக உழைத்தவருக்கு 6 வாரமும், அதற்கு மேல் உழைத்தவருக்கு 8 வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒழுங்குமீறல் என்று குற்றஞ்சாட்டினால், முறையான விசாரணை நடத்தாமல் நீக்கலாகாது. விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதும் இரண்டு வாரத்துக்கு மேற்படலாகாது. அக்காலத்தில் பாதிச் சம்பளமேனும் கொடுக்க வேண்டும். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். அறுபத்தொன்றாம் நாள் அழுது பயனில்லை. உரிமைக்குக் கெடு உண்டு என்பதை அறியாமல் நல்ல வழக்கை இழந்தவர் பலர்.

பட்டணத்து வாசகர்கள் இது தோட்டத்து விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதிருக்க வேண்டுகிறேன். செனாயைச் சுற்றித் தோட்டங்கள் சுருங்கித் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. லயத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று ஆலையிலும், கிடங்கிலும், காவல் வேலையிலும் இருக்கிறார்கள். அங்கே பலருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஆலை முதலாளி அல்லர். இடையில் ஒரு காண்டிராக்டர் நிற்கிறார். பழைய கங்காணிக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை சட்டையில்தான் என்று சொல்லத் தோன்றும். காண்டிராக்டர் கூலி கொடாமல் போனால், மூன்று மாதத்துக்கு மேற்படாத கூலிக்கு வேலை கொடுத்த தலைமை முதலாளியும் பொறுப்பாளி என்று சட்டம் சொல்கிறது. "நீ வேலையாள் இல்லை, தனி ஒப்பந்தக்காரன்" என்று ஒருவரைத் தட்டிக் கழிப்பதும் முன்போல எளிதன்று. எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவருடைய வேலைநேரத்தையும் வேலை முறையையும் பிறர் நிர்ணயித்தால், அவர் வேலையாள் என்றே சட்டம் அனுமானிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று எங்கள் பிரட்டில் நிற்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும், வங்காள தேசத்திலிருந்தும், நேப்பாளத்திலிருந்தும் கடன்பட்டு வந்தவர்கள். நம் பாட்டன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் இச்சட்டம் உண்டு. பிறருடைய பாஸ்போர்ட்டை அதிகாரமின்றிப் பிடித்து வைப்பது இந்நாட்டில் குற்றம். கட்டாய வேலை வாங்குவதும் குற்றமென்று 2022ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதி வைத்தது. அந்நியன் கூலியைக் குறைத்தால் நம் கூலி உயரும் என்று எண்ணுவோர், 1941ஆம் ஆண்டை நினைக்க வேண்டும். சீனனுக்கு ஒரு கூலி, தமிழனுக்கு ஒரு கூலி என்று இருந்தவரை லாபம் யாருக்குப் போயிற்று? குறைந்த கூலிக்கு ஒருவன் இருக்கும்வரை, உயர்ந்த கூலிக்காரனின் வேலையும் நிலையல்ல.

இனி அந்த அம்மையாரின் விஷயத்துக்கு வருவோம். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று அவர் கேட்டபோது என் முன் இரண்டு வழி இருந்தன. "ஒன்றுமில்லை அம்மா, பணம் வாங்கியதற்கு அத்தாட்சி" என்று சொல்லியிருக்கலாம். கிராணிமார் பலர் காலங்காலமாகச் சொன்ன பதில் அதுவே. அன்று ஏனோ எனக்கு நாக்கு எழவில்லை. காகிதத்தை வரிவரியாகத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் எங்கே விலகினேன்? தோட்டமல்லவா என்னை விட்டு விலகுகிறது?" என்றார். நான் படித்த எந்தச் சட்ட நூலிலும் இவ்விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லக் கண்டதில்லை.

அவர் லேபர் ஆபீசுக்குப் போனார். வக்கீல் வேண்டியதில்லை, இங்கிலீஷும் வேண்டியதில்லை. சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் வருஷ வாரியாகச் சேர்த்து வைத்திருந்தார்; அதைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று மாலையே நான் லயத்துக்குச் சென்று, கையொப்பமிட்டவர்களை வீடு வீடாகப் பார்த்து, என் தவறைச் சொல்லி, அவர்களும் போகலாம் என்று தெரிவித்தேன். விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. அந்த நாளுக்கு முன்பே, முறையிட்டவர் அனைவருக்கும் சட்டப்படி சேர வேண்டியதைக் கொடுக்க நிர்வாகம் இசைந்தது. எனக்கு அங்கு நெடுநாள் வேலை நிலைக்கவில்லை. அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

ஆனால் பத்தொன்பது பேரில் இருவர், 3,000 வெள்ளியை வாங்கிக்கொண்டு அன்றே குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டார்கள். எவ்வளவு விசாரித்தும் அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுள் ஒருவர் பதினேழு வருஷம் உழைத்தவர். 340 நாட் சம்பளம் அவர் அறியாமலே போயிற்று. அதைப் போக்கியது என் மேஜையிலிருந்த பேனா.

ஆகவே, தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லத்தக்கது அதிகமில்லை. மாதந்தோறும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கூலி, மிகைநேரம், பிடித்தம் இவற்றின் விவரத்தைக் கொடுப்பது முதலாளியின் கடமை; அதைக் கேட்பது பிச்சையன்று. சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவிலாவது சேர்த்து வையுங்கள். வேலை செய்த நாளை நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். செக்ரோல் ஆபீசில் மட்டும் இருக்க வேண்டியதில்லை. படித்துக் காட்டாத காகிதத்தில் கையொப்பமிடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சங்கத்தில் சேருங்கள், சேரக் கூடாதென்று எந்த ஒப்பந்தமும் உங்களைத் தடுக்க முடியாது.

என்னோடொத்த கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. நாமும் சம்பளக்காரர்களே, நாளை நம் கையில் நீட்டப்படும் காகிதத்தை நாமும் படிக்க வேண்டியிருக்கும். இன்று நம்மைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்குவார் யாருமில்லை. அது நம் தயவால் நின்றதன்று, கிள்ளானில் ஐவர் உயிர் கொடுத்த காலத்தில் எழுந்த குரலால் நின்றது. நாம் கற்ற கல்விக்கு அவர்களிடம் பட்ட கடன் ஒன்று உண்டு. மேஜைக்கு எதிரே நிற்பவர் கேட்குமுன்பே, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் மொழியில் படித்துச் சொல்வதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

பணம் கைக்கு வந்த நாளில் அந்த அம்மையார் ஆபீசுக்கு வந்தார். வழக்கம்போல வாசலில் நிற்காமல் உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். "தம்பி, இந்த ரசீதையும் ஒரு தடவை படித்துச் சொல்லு, அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். படித்தேன், போட்டார்.